கால் காப்பு

சுங்காய் ஊருக்கு அப்பால், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் யுகேந்திரனின் வீடு. அதன் தரையில் கிடந்த பலகையை வடிவமைத்தவள் புனிதா. பலகைக்குள் ஒரு செப்புச் சுருள். அவனுடைய சக்கர நாற்காலியின் அடியில் இன்னொன்று. இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் அதிர்பவை. நாற்காலி மேலே வந்து நின்றால் போதும், கம்பியில்லாமல் மின்சாரம் ஏறும்.

தோட்ட வேலையில் செம்பனை மரத்து எண்ணெய்க் குலை கழுத்தில் விழுந்ததிலிருந்து அவன் விரல்கள் எதையும் பிடிப்பதில்லை. நாற்காலிக்குச் சார்ஜ் ஏற்றும் வயரின் பிளக்கைச் செருக ஒவ்வொரு முறையும் மனைவி சரளாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. பலகை வந்த இந்த மூன்று மாதமாகக் கூப்பிடவில்லை.

புனிதா அளவெடுக்க வந்திருந்தாள். கருவியின் திரையில், நாற்காலிக்குப் போய்ச் சேரும் மின்சாரம் தொண்ணூற்றொரு சதவீதம். ஈப்போவில் இருக்கும் முதலாளி தேனப்பன் கேட்ட எண் அதுதான். திங்கட்கிழமை பலகையைப் பார்த்து வாங்க மருத்துவமனைக்காரர்கள் வருகிறார்கள்.

"அக்கா, பாப்பா இவரு காலடியிலதான் வெளையாடுவா," என்றாள் சரளா. "தூக்குனா கால் காப்பு சுடுது. காய்ச்சலோன்னு பார்த்தேன். உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"ஒம் மகளுக்குக் காலுல மட்டும் காய்ச்சல் லா," என்று யுகேந்திரன் சிரித்தான்.

குழந்தை பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. திரையில் எண் எண்பத்தேழாக இறங்கியிருந்தது. புனிதா அந்தக் கனத்த வெள்ளி வளையத்தைத் தொட்டாள். சூடு. சட்டென்று மின்சாரத்தை நிறுத்தினாள்.

வழியில் மின்சாரம் வீணானால் பலகை தானே நின்றுவிட வேண்டும். முதல் வாரம் தரைக்குள்ளிருந்த இரும்புக் கம்பிகளால் அது அடிக்கடி நின்றது. அதனால் எவ்வளவு வீணானால் நிற்பது என்ற வரம்பை உயர்த்தியவள் அவளேதான், இதே இடத்தில் உட்கார்ந்து. சோதனையில் காசு வைத்தார்கள், சாவி வைத்தார்கள். குழந்தையின் காலைச் சுற்றிய வளையமும் ஒரு சுருள்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் நின்று தேனப்பனை அழைத்து நடந்ததைச் சொன்னாள்; பலகைகளையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும் என்றாள்.

"காப்பைக் கழட்டச் சொல்லும்மா. திங்கக்கெழம முடியட்டும்."

"பலகை வச்ச மத்த வீட்டுல யாரு சார் போயிச் சொல்றது? வரம்பை ஏத்துனது நான்தான். அதையும் எழுதிக் குடுக்கறேன்."

தேனப்பன் அழைப்பைத் துண்டித்தார்.

"காப்பைக் கழட்டிடுறேங்க்கா, இத எடுக்காதீங்க லா," என்றாள் சரளா.

புனிதா பலகையின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினாள். யுகேந்திரன் குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்தினான்.

அவள் பலகையைத் தூக்கியதும் சிமெண்டில் வெளிறிய சதுரம் ஒன்று தெரிந்தது.

"சரளா," என்று கூப்பிட்டான். "அந்தப் பழைய வயர எடுத்துட்டு வா."