பாதையோரம் கிடந்த நம்மாள்

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே ஆம்புரோஸ் சமையலறையில் நின்றபடி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். உடம்போடு ஒட்டிய கறுப்புக் கால்சட்டை, மஞ்சள் சட்டை. தொப்பை சட்டையை முன்னால் தள்ளியது. மாதா கோயில் பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்த மனைவி எல்ஸி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அறுபத்திரண்டு வயசுல இது ஒரு உடுப்பு. ஃபாதர் கேட்டா என்னா சொல்ல?"

"காய்ச்சல்னு சொல்லு."

"பொய் சொல்லிட்டு நான் போயி பூசைல நன்மை வாங்கணுமாக்கும்."

"ஒரு ஞாயித்துக்கெழமதானே லா."

"போன வருசமும் இதேதான் சொன்னீங்க. கடைசில லாரில வந்து எறங்குனீங்க."

அது சுட்டது. கோலா கங்சாரில் நடக்கும் மலை சைக்கிள் போட்டியில் எழுபது கிலோமீட்டர். கடைசிச் சோதனைச் சாவடியைக் குறித்த நேரத்துக்குள் தாண்டாதவர்களை லாரியில் ஏற்றிவிடுவார்கள். போன வருடம் ஆம்புரோஸ் பிந்திவிட்டார். சைக்கிள்களுக்கு நடுவே அவர் குந்தியிருந்ததை யாரோ படம் எடுத்தார்கள். அது கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. 'ஆம்புரோஸ் அண்ணே லாரி ரேஸ்ல ஃபர்ஸ்ட்' என்று குழுவில் இருந்த திமோத்தி எழுதினான். சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அவரும் ஒரு சிரிப்பு முகம் போட்டுவிட்டு அன்று இரவு சாப்பிடாமல் படுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி மிதித்தார். முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு மிதித்தார். முதல் பரிசெல்லாம் அவருக்கு வேண்டாம். லாரியில் ஏறாமல் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான்.

போட்டிப் பாதை பெரும்பாலும் பழைய தோட்டங்களின் வழியாகவே போனது. ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம். இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ச் செம்பனை. அதில் ஒரு தோட்டத்தில்தான் ஆம்புரோஸ் பிறந்தார். தொழிலாளர் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் இப்போது உர மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவருக்கு அதைப் பார்த்து எதுவும் தோன்றவில்லை. அந்த இடத்தைப் பற்றி அவரிடம் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். சம்பள நாளில் சம்சு சாராயம் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து கிடக்கும் அப்பா. பக்கத்து மலாய்க் கிராமத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். பத்து வயதில் அப்பாவைத் தோளில் தாங்கி வந்தவர் ஆம்புரோஸ். அந்த வயதிலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டார். நான் இவன் மாதிரி இல்லை. அந்த முடிவில்தான் குடிக்காமல் வாழ்ந்தார், தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக உயர்ந்தார், வீடு வாங்கினார். குடிப்பவனை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐம்பது கிலோமீட்டர் தாண்டியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. செம்மண் மேட்டில் சைக்கிளைத் தள்ளி ஏற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். விடாமல் மிதித்தால் சாவடியைத் தாண்டிவிடலாம். நின்றால் முடியாது.

இறக்கத்தின் அடியில், பனை ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கிடந்தார். தமிழர். அறுபதைத் தாண்டியவர். கைலி தொடைக்கு மேல் ஏறியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. வாயோரம் வாந்தி. சற்றுத் தள்ளி இரண்டு மாடுகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

அவருக்கு அருகே ஒரு மலாய் இளைஞன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் புறப்படும் இடத்தில் ஆம்புரோஸின் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்த ஹாஃபிஸ்தான் அவன்.

"பாச்சிக்!" என்று, பெரியவரே என்ற பொருளில், ஹாஃபிஸ் கூப்பிட்டான். இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது, பேசினால் புரியவில்லை, வந்து கேளுங்கள் என்றான் மலாயில்.

ஆம்புரோஸ் பிரேக்கைப் பாதி அழுத்தினார். காலைக் கீழே ஊன்றவில்லை. கிடந்தவர் அவரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். "ண்... ணே..." என்று குழறினார். எச்சில் வழிந்தது.

ஆம்புரோஸின் முகம் கோணியது. ஒரு மலாய்ப் பையன் முன்னால் இப்படியா கிடப்பது? இவன்களால்தான் நம் பேர் கெடுகிறது. அவமானம் முதலில் வந்தது, கோபம் அதன் பின்னால் வந்தது. அந்த ஆளுக்கு என்ன என்ற கேள்வி வரவே இல்லை.

"தாக் பாயா லா, டிக். மாபோக்," என்றார். ஒன்றும் வேண்டாம் தம்பி, போதை.

"பெத்துல் கா, பாச்சிக்?" நிஜமாகவா என்று அவன் கேட்டான்.

"எங்க ஆளுங்கள எனக்குத் தெரியாதா? தெளிஞ்சா எந்திரிச்சிப் போயிடுவான். நீ வா, நேரமாகுது," என்று மலாயிலேயே சொன்னார்.

ஹாஃபிஸ் ஒரு கணம் தயங்கினான். தமிழரைப் பற்றித் தமிழர் சொல்கிறார், வயதானவர் வேறு. சைக்கிளில் ஏறிக்கொண்டான். இருவரும் போனார்கள்.

சாவடி மூடுவதற்குச் சற்று முன்பு ஆம்புரோஸ் அதைத் தாண்டினார். திடலுக்குள் நுழைந்தபோது ஒலிபெருக்கி அவர் பெயரையும் வயதையும் சொன்னது. கைதட்டினார்கள். கழுத்தில் பதக்கம் விழுந்தது. அவர் அதைப் படம் எடுத்துக் கோயில் குழுவில் போட்டார். 'லாரி எங்கடா திமோத்தி?' என்று கீழே எழுதினார். வாழ்த்துகள் வந்து குவிந்தன.

ஆம்புலன்ஸ் ஒன்று சத்தம் போட்டபடி திடலைத் தாண்டிப் போனது. யாராவது பையன் விழுந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு இளநீர் குடித்தார்.

ஹாஃபிஸ் வந்தான். பதக்கத்தைக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.

"அது போதை இல்லை, பாச்சிக்," என்றான். "ஸ்ட்ரோக். கடைசியாக மோட்டார் சைக்கிளில் வந்த போட்டி அலுவலர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அதுவரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறார்." அவன் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள்தான் போதை என்று சொன்னீர்கள்."

அவன் போய்விட்டான். ஆம்புரோஸின் பையில் கைப்பேசி வாழ்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவர் ஒரு மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழங்களும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எல்ஸியிடம் சொல்லவில்லை. கிடந்தவரின் பெயர் சின்னையா என்று போட்டி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, தொழிற்சாலைச் சீருடையோடு, அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் தினேஸ்வரி.

"ரேஸ் ஆளுங்களா அங்கிள்? வாங்க."

சின்னையாவின் வலப்பக்கம் செயலிழந்து கிடந்தது. முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஆம்புரோஸைப் பார்த்ததும் அதே குழறலில் ஏதோ சொன்னார்.

"ஒங்கள உக்காரச் சொல்றாரு," என்றாள் தினேஸ்வரி. "மாடு மேய்க்கப் போனவரு. கொஞ்சம் மின்னாடி கொண்டாந்திருந்தா ஊசி போட்டிருக்கலாமாம். டாக்டர் சொன்னாரு. இனிமே நடக்குறது கஷ்டம்னுட்டாரு."

ஆம்புரோஸ் உட்காரவில்லை. பழப் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நின்ற பையனைத் தான்தான் கூட்டிக்கொண்டு போனதையும் சொன்னார். "குடிச்சிட்டாருன்னு நெனச்சிட்டேம்மா. தெரியாமப் போச்சு. குடிக்காதவருன்னு தெரிஞ்சிருந்தா..."

தினேஸ்வரி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். அவள் அழவில்லை.

"குடிக்காதவருன்னு தெரிஞ்சிருந்தா தூக்கியிருப்பீங்க. அதானே அங்கிள்?"

அவர் தலையசைத்தார்.

"எங்கப்பா குடிப்பாரு. முந்தி நெறையா. இப்ப சம்பளம் கெடச்சா ஒரு நாளு. நேத்து குடிக்கல. குடிச்சிருந்தா மட்டும் என்னா? குடிகாரனுக்கு ஸ்ட்ரோக் வராதா? அவனுக்குப் புள்ள இல்லியா?"

"மன்னிச்சிரும்மா."

"மத்தவன் நம்மள கேவலமாப் பாக்குறான்னு கூட்டத்துக்குக் கூட்டம் பேசுறீங்க. அந்த மலாய்க்காரப் பையன் கேவலமாப் பாக்கல. நின்னான். நம்மள கேவலமாப் பாக்க அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க."

ஆம்புரோஸ் பழப் பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். சின்னையா இடது கையால் அதைத் தொட்டு, நன்றி போல ஒரு சத்தம் எழுப்பினார். அதைக் கேட்க முடியாமல் ஆம்புரோஸ் கதவை நோக்கித் திரும்பினார். தினேஸ்வரி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அங்கிள், நாளைக்கு வேற எவனாவது ரோட்டுல கெடப்பான். அவன் குடிச்சானா இல்லியான்னு அப்புறமா கேட்டுக்கலாம். மொதல்ல தூக்குங்க."