பேராசிரியரின் பட்டையில் ஒரு கசிவு

பேராசிரியர் ஹார்ஜோ கத்தியை எடுக்குமுன் ஓர் உரை நிகழ்த்துவார். சோலோ நகரில் எங்கள் அறுவை அரங்கில் மயக்க மருந்துக்கு அடுத்த கட்டம் அது. அன்றைய தலைப்பு டூர்னிக்கெட், அதாவது ரத்தத்தை நிறுத்தக் கட்டும் காற்றுப் பட்டை.

"சுண்ணாம்பு படிஞ்ச ரத்தக்குழாய்ல கிளாம்ப் போட்டுக் கவ்வினா முட்டை ஓடு மாதிரி நொறுங்கிடும். அதனால தொடையில பட்டையைக் கட்டிக் காத்தடிக்கிறேன். கீழ ஒரு சொட்டு வராது. இது என் முறை."

அவருடைய முறைக்கான பட்டை எலும்புப் பிரிவிலிருந்து இரவல் வந்திருந்தது.

மேசையில் கிடந்த வாகிமான், மரியாதைக்கு 'பாக்' வாகிமான், சந்தை முனையில் பஞ்சர் ஒட்டுகிறவர். சர்க்கரை வியாதியில் பெருவிரல் கறுத்துவிட்டது. ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் இந்தக் கால் பைபாஸ் பலிக்காவிட்டால் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, காது விழித்திருந்தது.

பட்டையில் காற்று ஏறியது. கணுக்காலுக்கு மேலே ரத்தக்குழாயைத் திறந்து, மாற்றுக்குழாயை வைத்துத் தைக்கத் தொடங்கினார் பேராசிரியர். மூன்றாவது தையலில் ரத்தம் கசிந்தது. ஐந்தாவதில் குளமானது.

"குழாய் ரொம்பக் கெட்டி. பட்டைக்கு அமுங்கல. வேற வழியில்ல, கிளாம்ப் குடுங்க."

சிஸ்டர் துமினா கிளாம்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். பிரிக்க மனம் வரவில்லை. எங்கோ 'ஸ்ஸ்ஸ்' என்றது. எல்லோருக்கும் கேட்டது. ஆனால் பெரியவர் காரணம் சொல்லிவிட்ட பிறகு எங்கள் ஊரில் காதுகூட மரியாதையாக அடைத்துக்கொள்ளும்.

நெஞ்சுக்கு மேல் கட்டிய திரைக்கு அப்பாலிருந்து வாகிமான் குரல் கொடுத்தார். "மன்னிக்கணும் ப்ரொஃபசர். என் காது பழசு. தப்பாக்கூட இருக்கும்."

"பேசாம படுங்க, பாக்."

"படுத்துதாங்க இருக்கேன். பட்டை நல்ல பட்டை. கட்டினதும் அருமையாக் கட்டியிருக்கீங்க. உரையும் பிரமாதம்..."

"யாராவது இவரைத் தூங்க வைங்கப்பா!"

"தூங்கறேங்க. அதுக்கு முன்னாடி பட்டையில காத்து டியூப் சேர்ற எடத்துல கொஞ்சம் சோப்புத் தண்ணி தொட்டுப் பாருங்க. முட்டை முட்டையா வரும்."

துமினா சோப்பைத் தேடவில்லை. குனிந்து இணைப்பை ஒரு திருகு திருகினாள். சத்தம் நின்றது. நூற்றிருபதில் கிடந்த காற்றழுத்த முள் முந்நூறுக்கு ஏறியது. ரத்தமும் நின்றது.

"நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்," என்றார் பேராசிரியர்.

"ஆமாங்க ப்ரொஃபசர்," என்றோம் ஒரே குரலில்.

தையல் முடிந்தது. பட்டையைத் தளர்த்தி, ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவியைப் பாதத்தில் வைத்தார்கள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு விட்டுவிட்டு ஏதோ வீசுவது போன்ற சத்தம். பேராசிரியர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். கடைசியில் அவரே திரைக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பாக், இந்தச் சத்தம் எப்படி?"

வாகிமான் கண்ணை மூடிக் கேட்டார். "இது காத்து இல்லீங்க. ஓட்டம்." கண்ணைத் திறந்தார். "அப்ப கால் எங்கிட்டயே இருக்கட்டுங்களா?"

"வச்சுக்குங்க."