அவசரத்துக்கு என்று வைத்தது

ஸ்டோர் கீப்பருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை உண்டு. பஸ் கட்டும் தொழிற்சாலையில், இருபத்திரண்டு வருஷமாக அவருடைய கிடங்கில் எந்தப் பொருளும் தீர்ந்துபோனதே கிடையாது. எப்படித் தீரும்? கொடுத்தால்தானே தீரும்! ஒரு போல்ட் கேட்டு வந்தவனை மூன்று கையெழுத்துக்கு அலையவிட்டு, கடைசியில் அவனே வெளிக்கடையில் போய் வாங்கிக்கொள்ளும்படி செய்துவிடுவார். தணிக்கைக்கு வருகிறவர்கள் நிறைந்து கிடக்கும் தட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டிக்கொடுத்துப் போவார்கள். நின்றுபோன வேலையைப் பற்றி எவன் கேட்டான்?

இந்த வியாதி வீட்டுக்குள் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், பக்கத்துத் தெருவில் வெள்ளம் புகுந்தபோது. "நாமளும் தயாரா இருக்கணும்" என்று கிளம்பினார் மனுஷன். கூடத்தில் ஓர் இரும்பு அலமாரி வந்து இறங்கியது. டார்ச் லைட், முதலுதவிப் பெட்டி, கயிறு, சுத்தியல், தீயணைக்கும் சிலிண்டர் எல்லாம் உள்ளே போயின. டார்ச்சிலேயே பேட்டரி இருந்தால் கசிந்துவிடுமாம். அதனால் டார்ச் ஒரு தட்டில், பேட்டரி வேறொரு தட்டில். அவசரத்துக்குக் கூப்பிடவேண்டிய போன் நம்பர்களை முத்து முத்தாக எழுதி, கிழியாமல் இருக்கவேண்டும் என்று அதையும் அலமாரிக்குள்ளேயே ஒட்டினார். பிறகு பூட்டினார். சாவி அவர் இடுப்பில். இடுப்பு தொழிற்சாலையில்.

இருபத்து நாலு தண்ணீர் கேன்களுக்கு மட்டும் அலமாரியில் இடமில்லை. வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, பின்வாசல் கதவு சும்மாதானே கிடக்கிறது என்று அதன்மேல் சாய்த்து அடுக்கிவிட்டார்.

"தீப்பிடிச்சா எந்த வழியா ஓடறது?" என்று கேட்டாள் அவர் மனைவி. வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவள். தெருவுக்கே அவள் டீச்சர்.

"தீப்பிடிச்சா தண்ணி வேணாமா?" என்றார்.

இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்ல? அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

டீச்சருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில், ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னாள்.

"இன்ஹேலர் தீரப்போகுதுங்க. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"அதான் அலமாரி ஸ்டாக்ல ஒண்ணு இருக்கே. இருக்கும்போது எதுக்கு வாங்கணும்?"

"அப்ப அதை எடுத்துக் குடுங்க."

"அது அவசரத்துக்கு வச்சது. சும்மா எடுக்கக்கூடாது."

"நான் மூச்சு விடறது சும்மாவா?"

"சனிக்கிழமை பார்க்கலாம்" என்று படியிறங்கிவிட்டார்.

அவளே கடைக்குப் போயிருக்கலாம்தான். பரீட்சை நேரம், காலையிலும் மாலையிலும் பிள்ளைகள். அதோடு, பதினெட்டு வருஷம் இந்த மனுஷனோடு வாதாடித் தோற்ற அலுப்பு, வாய்க்கு மட்டுமா வரும், காலுக்கும் வந்துவிடுகிறது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு எதிர்வரிசை மெத்தைக்கடையில் தீப்பிடித்தது. பஞ்சும் நுரையும் எரிந்த புகை நேராக இவள் வீட்டு ஜன்னலுக்கு வந்தது. ஓடி ஓடிச் சாத்தினாள். சாத்தி முடிப்பதற்குள் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள். இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினாள். வெறும் டப்பா. முன்வாசலை மறைத்து நின்றது புகை. பின்வாசலுக்குப் போனாள். கேன்கள்! ஒன்றை நகர்த்துவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"மூச்சு... முடியல..."

"என்னது? தெளிவாப் பேசு."

தெளிவாகப் பேச முடிந்தால் அவள் ஏன் இவரைக் கூப்பிடப்போகிறாள்!

"இன்... ஹேலர்..."

"மூணாவது தட்டு, இடது பக்கம், நீலப் பெட்டி" என்றார், இந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர் மாதிரி.

"சாவி..."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கியது. "சாவி எங்கிட்டதான் இருக்கு. பயப்படாதே. லீவு எழுதிக் குடுத்து, கையெழுத்து வாங்கிட்டு உடனே கிளம்பறேன். பூட்டை மட்டும் உடைச்சிடாதே."

அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஆத்திரப்படவும் மூச்சு வேண்டியிருக்கிறதே. செத்துப்போகப்போகிறோம் என்று தெரிந்தது. நாலு மணிக்கு மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் தள்ளுவாள், முதலில் பார்க்கப்போவது அவள்தான்.

அப்போது முன்கதவைத் திறந்துகொண்டு, ஈரத்துணியால் முகத்தைச் சுற்றியபடி பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா உள்ளே வந்தாள்.

"தெருவே வெளியில நிக்குது, உன்னை மட்டும் காணோமேன்னு பார்த்தேன். அடிப்பாவி, உதடெல்லாம் நீலமா இருக்கே! மருந்து எங்க?"

டீச்சர் அலமாரியைக் கை காட்டினாள். அக்கா பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"சுத்தியல் இருக்கா?"

டீச்சர் மறுபடியும் அலமாரியையே காட்டினாள்.

"நல்லா வச்சாரு போ!" என்று அக்கா மேசைமேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். நாலு அடி. பூட்டு தெறித்தது. நீலப் பெட்டிக்குள் ஓர் உறை, அதற்குள் ஓர் உறை, அதைச் சுற்றி டேப். அக்கா பல்லால் கடித்துக் கிழித்து இன்ஹேலரை நீட்டினாள். டீச்சர் நாலு தடவை அழுத்தினாள். நாக்கில் கசப்பு வந்ததே தவிர நெஞ்சு திறக்கவில்லை. அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். காலாவதியாகி இரண்டு வருஷம்.

அக்கா அதை மூலையில் வீசினாள். பின்வாசலுக்குப் போய்க் கேன்களை எட்டி எட்டி உதைத்தாள். அவை வீடெங்கும் உருண்டன. கதவு திறந்தது. டீச்சரைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு பின்சந்துக்கு வந்து, போன முதல் வண்டியின் குறுக்கே விழுந்து மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை செலுத்தினார்கள். அரைமணி நேரம் கழித்து நெஞ்சு இளகியபோது டீச்சர் அழுதாள். அக்கா அவள் கையை விடவே இல்லை.

ஸ்டோர் கீப்பர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. பாவம், வியர்த்துக் கொட்டியிருந்தது. பயந்துதான் போயிருந்தார், அதை இல்லை என்று சொல்லக்கூடாது. "ஒண்ணும் ஆகலையே?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிட்டுதான் வர்றேன். அந்தப் பூட்டு இப்பல்லாம் கிடைக்கிறதில்ல, தெரியுமா?" என்றார்.

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வாயைத் திறந்தால் நல்லதாக எதுவும் வராது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். "இன்னொரு தடவை இப்படி வந்தா, உடனே கூப்பிட ஒருத்தர் நம்பர் வேணும்."

ஸ்டோர் கீப்பர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "எழுதிக்கோங்க" என்று தம் நம்பரைத் தொடங்கினார். டீச்சர் மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினாள்.

"அது வேணாம், சிஸ்டர்." அக்காவின் நம்பரை நிதானமாக, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள்.

"இவங்க என்ன உறவு?"

"பக்கத்து வீடு."

நர்ஸ் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தாள். "வீட்டுக்காரர் இங்கேயே நிக்கிறாரே, இவர் நம்பர் போடலாமே?"

"அந்த நம்பருக்குக் காலையிலேயே கூப்பிட்டுப் பார்த்தாச்சு, சிஸ்டர்" என்றாள் டீச்சர்.