ஏழாம் எண் பெட்டியின் சத்தம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தேனீப் பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் நாலு பேர். போளூர் தேனீ வளர்ப்போர் சங்கத்துக் களப்பணியாளர் தணிகாசலம் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். பெட்டியை வளர்க்கிற உண்ணாமலை துணி துவைக்கிற கல்லில் இருந்தாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் உரல்மேல் ஏறி உட்கார்ந்து, முக்காட்டோடு தலையை மட்டும் நீட்டியிருந்தாள். உண்ணாமலையின் கணவன் குமரேசன் சுவருக்கு உள்ளே, தறிக்குழியில் காலை விட்டபடி இருந்தான். அவன் வெளியே வரவில்லை. அவன் தறிச் சத்தம் வந்திருந்தது.

போன வருஷம் வந்த புழு நோயில் இந்த முள்ளிப்பட்டில் இருந்த பெட்டிகள் பெரும்பாலும் போயின. உண்ணாமலையிடம் ஆறு பெட்டிகள் இருந்தன. ஐந்தின் அடைகளை அவளே கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். மிஞ்சியது தறிக்கூடத்துச் சுவரில் பதித்த பலகைமேல் இருக்கும் இந்த ஒன்று. சங்கத்துக் கணக்கில் இது ஏழாம் எண். வீட்டில் தறி குமரேசன் பேரில், ரேஷன் அட்டை குமரேசன் பேரில். பெட்டியோடு வந்த சங்கத்து அட்டையில் மட்டும்தான் 'வளர்ப்பவர்: கு. உண்ணாமலை' என்று இருந்தது.

தணிகாசலம் விரலை மடக்கிப் பெட்டியைத் தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்டார்.

"ராணி இருந்தா, தட்டினதும் குப்புனு ஒரு சத்தம் எழும்பி உடனே அடங்கிடும். இது பாருங்க, முனகிகினே கீது. ரெண்டு சட்டம் எடுத்துப் பாத்துட்டேன், முட்டை ஒண்ணுகூட இல்ல. ராணி பூட்ச்சிம்மா."

"தறிதான் சார் அடங்க விட மாட்டேங்குது. நீங்க ஒரு தட்டு தட்டினா, உள்ள அவரு நூறு தட்டு தட்டறாரு," என்றாள் உண்ணாமலை.

"ஈ இன்னாம்மா, பொடவையா நெய்யுது? வெள்ளிக்கிழமை வண்டி வருது. ஈ கெட்டுப் போறதுக்குள்ள வேற பெட்டியோட சேத்துடலாம்."

"எடுத்துகினு போங்க சார், ஜல்தியா எடுத்துகினு போங்க," என்றாள் கெங்கம்மாள். "துணி காயப் போட வந்தா கொட்டுது. ஒரே பேஜாரு."

உண்ணாமலைக்கு வாதாடத் தெம்பில்லை. விடியுமுன் எழுந்து ஊடைக்கு நூல் சுற்றிய கை தோள்வரை கடுத்தது. "நாளைக்கு அமாவாசை சார். தெருவுல தறி ஓடாது. அப்ப ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்றேனே."

"இன்னொருத்தர் கையெழுத்தோட எழுதிப் போடுங்க. வெறும் உங்க காதை நம்பி நான் எப்படி வண்டிய நிறுத்தறது?" அவர் பக்கெட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் தெரு முழுக்கத் தறிகள் ஓய்ந்திருந்தன. வடை சுடுகிற வாசனை வந்தது. ஒரே ஒரு தறி மட்டும் ஓடியது. அது இவர்கள் வீட்டுத் தறி. கல்யாணப் புடவை வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வர வேண்டும் என்று நூல் கொடுத்த மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குமரேசன் அமாவாசையில் தறியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

உண்ணாமலை தறிக்கூடத்து வாசலில் நின்றாள்.

"இன்னாங்க. அரை மணி நிறுத்துங்க."

"முந்தி இன்னும் ஒண்ணரை முழம் கீது."

"தெரியும். அரை மணி."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஊடை நூல் ஓட்டும் நாடாவைப் புடவைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றிக் குழியிலிருந்து மெல்ல ஏறினான். "முதுக நீட்டலாம்னு நானும் பாத்துகினுதான் இருந்தேன்," என்றபடி அங்கேயே தரையில் படுத்துவிட்டான்.

அவள் பெட்டியின் பின்பலகையில் காதை வைத்து ஒரு தட்டு தட்டினாள். உள்ளே சத்தம் எழும்பியது. ஆனால் அடங்கவில்லை. இழுத்து இழுத்து முனகியது. தறிமேல் போட்ட பழி பொய். தணிகாசலம் சொன்னதுதான் சரி. ராணி இல்லை.

எழுந்து போகவும் அலுப்பாக இருந்தது. காதை எடுக்காமல் அப்படியே சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். முனகல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அப்போதுதான் அடியிலிருந்து வேறொன்று கேட்டது. மெலிசாக, நீளமாக ஒரு 'தூ...', அதன் பின்னால் குட்டிக் குட்டியாக 'தூ, தூ, தூ'. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

போளூர் பயிற்சியில் ஒரு வாத்தியார் வாயால் இதை ஊதிக் காட்டியபோது எல்லோரும் சிரித்திருந்தார்கள். பழைய ராணி போனால் ஈக்கள் புதிதாக ஒன்றை வளர்க்கும். அறையை விட்டு வெளியே வந்ததும் அது இப்படிக் கத்தும். அப்போது பெட்டியைத் திறக்கவே கூடாது. தணிகாசலம் எடுத்துப் பார்த்தது முன்சட்டங்கள் இரண்டைத்தான். புது ராணியின் அறை பின்சட்டத்தில் இருந்திருக்கும்.

குமரேசனை எழுப்பிக் கூட்டிவந்தாள். அவன் காதை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினான். "எனக்கு ஒண்ணும் கேக்கல. தறிதான் இன்னும் காதுக்குள்ள ஓடிகினு கீது."

உண்ணாமலை மதில் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஒரு நிமிஷம் இந்தாண்ட வந்துட்டுப் போக்கா."

"கொட்டுனா நீதான்டி மருந்து போடணும்." முக்காட்டை இறுக்கிக்கொண்டு வந்த கெங்கம்மாள், பலகையில் காதைப் பட்டும் படாமலும் வைத்தாள். முகம் மாறியது. "இன்னாடி இது? கொயந்த பீப்பி ஊதற மாதிரி கீது!"

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா?"

"நானா? இத எடுத்துகினு போவச் சொன்னவளே நான்தான்." மறுபடி காதை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "நீ எய்து, நான் கையெழுத்துப் போடறேன். ஆனா கொடிக் கயித்த அந்தப் பக்கமா மாத்திக் கட்டிக் குடுத்துடணும்."

இன்லேண்ட் கடிதத்தில் உண்ணாமலை நிதானமாக எழுதினாள். ராணி போனது உண்மை, ஐயா சொன்னது சரி. தட்டிய சத்தம் அடங்கவில்லை. அதற்குத் தறி காரணமல்ல. ஆனால் புதன்கிழமை பகல் பதினொன்றரைக்குப் புது ராணியின் சத்தத்தை இரண்டு பேர் கேட்டோம். மூன்றாமவருக்குக் கேட்கவில்லை என்பதையும் தெரிவிக்கிறேன். பெட்டியைத் திறக்காமல் இருபது நாள் தவணை வேண்டும். அதற்குப் பிறகும் முட்டை இல்லாவிட்டால் நானே பெட்டியைப் போளூருக்குக் கொண்டுவருகிறேன்.

கீழே அவள் கையெழுத்து. அதற்குக் கீழே கெங்கம்மாளின் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து நின்றன.

உள்ளே தறி மறுபடி தொடங்கியது. மூன்று மணிக்குத் தபால்காரர் தபால் பெட்டியைத் திறக்க வருவார். இன்று எடுத்தால், வண்டி கிளம்புமுன் நாளையே போளூரில் இருக்கும். உண்ணாமலை படையல் இலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, கடிதத்தின் மடிப்பில் வைத்துத் தேய்த்து, காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு தெருக்கோடி வரை நடந்துபோய் அதைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டாள்.