வல்லூறுக்கு எண்ணத் தெரியாது

அவளுடைய கணவன் லிப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் குழிக்குள் நின்று இரும்புக் கயிறுகளோடு மல்லுக்கட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த கல்குவாரிக்கு ஓடிவிடுவான். அங்கே செங்குத்தான பாறையின் விளிம்பில் ஒரு வல்லூறு மூன்று குஞ்சு பொரித்திருந்தது. அதே விளிம்பின் மறுகோடியில் பச்சைத் துணியில் ஒரு கூடாரம் அடித்து, பறவை மிரளாதபடி வாரத்துக்குச் சில அடியாக நகர்த்தி, கூட்டுக்கு முப்பதடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

அவன் கூடாரத்துக்குள் போவதை மேலே வட்டமிடும் தாய்ப் பறவை பார்த்துவிடும். உள்ளே ஆள் இருக்கிறவரை கூட்டுக்கு வராது. ஆனால் இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பி நடந்தால், வந்தவர் போய்விட்டார் என்று நம்பிவிடும். வல்லூறுக்கு எண்ணத் தெரியாது. அந்தத் திரும்பி நடக்கிற ஆள்தான் அவள்.

அவளுக்குத் துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் வேலை. ஐந்து ஞாயிறாக, கூடாரம் வரை போவாள், திரும்புவாள், குவாரி வாசலில் நிற்கும் காரில் உட்கார்ந்து கால்சட்டைகளுக்கு ஓரம் மடித்துத் தைப்பாள். பறவையை அவள் பார்த்ததெல்லாம் வானத்தில் ஒரு புள்ளியாகத்தான். "எப்ப வந்தாலும் உன் முதுகைத்தான் அது பாக்குது" என்று அவன் சிரிப்பான். அவளும் சிரித்துவைப்பாள்.

ஆறாவது ஞாயிறு அவனுக்குச் சளி பிடித்தது. கூடாரத்து வாசலில் நின்று இருமினான் பாருங்கள், பாறையே அதிர்ந்தது. இன்னும் சில நாளில் குஞ்சுகள் பறந்துவிடும். அவன் முகம் தொங்கிப்போய்விட்டது.

"நான் உக்காருறேன். நீங்க நடங்க" என்றாள்.

"நீயா? உனக்கு கேமராவைப் பிடிக்கவே தெரியாதே!"

"நீங்க உள்ள இருந்து இருமினா அதுக்குப் பிடிக்கவா போகுது?"

வேறு வழியில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பாடம் நடத்திவிட்டு, மனசே இல்லாமல் நடந்தான். அவன் இருமல் தேய்ந்து தேய்ந்து மறைவதை அவள் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கால் மரத்தது. திடீரென்று காற்றைக் கிழிக்கிற சத்தம். தாய் வந்து நின்றது, காலில் ஒரு புறாவோடு. கேமராவுக்காகத் துணியில் வெட்டியிருந்த துளையை நேராகப் பார்த்தது. கரிய கண், அதைச் சுற்றி மஞ்சள் வளையம். அவள் மூச்சு விடவில்லை. தன்னை யாரும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை என்று தோன்றியது அவளுக்கு.

பிறகு அது அவளை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தது. இறகுகளைப் பிய்த்துப் போட்டது. இரண்டு பெரிய குஞ்சுகள் முட்டி மோதிப் பிடுங்கித் தின்றன. சின்னது பின்னால் நின்று கத்தியது. தாய் ஒரு துணுக்கை அலகில் பிடித்தபடி பெரியதுகளின் தலைக்கு மேலே கழுத்தை நீட்டி, அதன் வாயில் வைத்தது. அந்தச் சாந்தத்தைப் பார்த்ததில் அவளுக்குக் கேமராவின் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதே மறந்துபோனது. ஞாபகம் வந்து நாலு தடவை அழுத்தினாள்.

மூன்று மணி நேரம் கழித்து அவளை அழைத்துப்போக வந்தவன், அங்கேயே கேமராவை வாங்கிப் பார்த்தான். மூன்று படத்தில் பறவைக்குத் தலையில்லை. நாலாவதில் வாயைப் பிளந்த சின்னக் குஞ்சு மட்டும் தெளிவாக இருந்தது. தாய் வெறும் மங்கலான சிறகு.

"நாலே நாலா?"

"பாத்துக்கிட்டே இருந்துட்டேங்க."

வழி நெடுக அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே காரை ஓட்டினான். அவள் சமாதானம் சொல்லப் போகவில்லை. தப்புச் செய்ததாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்தக் கடைக்குட்டிக்கு சாப்பாடு கிடைக்குதா? அதை நான் சரியாவே கவனிச்சதில்ல. கண்ணு எப்பவும் தாய் மேலதான்."

அவள் சொன்னாள். தாய் கழுத்தை எப்படி நீட்டியது என்று தன் கழுத்தையே நீட்டிக் காட்டினாள். அவன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். நடுவில் ஒரு தடவை, "கார்ல உக்காந்திருந்தா நேரமே நகர மாட்டேங்குது. அஞ்சு வாரம் எப்படி இருந்த?" என்றான்.

"இருந்தேன், வேற என்ன பண்றது."

அடுத்த ஞாயிறு போனபோது கூடு காலியாக இருந்தது. மூன்றும் குவாரிக்கு மேலே தட்டுத்தடுமாறிப் பறந்துகொண்டிருந்தன. இருவருமாகக் கூடாரத்தைப் பிரித்தார்கள்.

"அடுத்த வருஷம் ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான்" என்றாள்.

"சரி. ஆனா தலையோட படம் எடுக்கணும்."

"அதைச் சொல்லிக் குடுங்க, எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு, கம்புகளை அவன் தோளில் ஏற்றினாள்.