முதலாளிக்குப் பின்சீட்டு

முதலாளி காரின் பின்சீட்டில் ஏறமாட்டேன் என்று நான்கு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. முதலாளி என்பது நாயின் பெயர். மாமனார் வைத்தது. ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தனக்கு வாய்த்த முதலாளிகளில் ஒருநாளும் திட்டாத ஒரே ஆள் இதுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். மருமகள் குனிந்து அதன் வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கிச் சீட்டில் வைத்தாள். மார்பைச் சுற்றிய பட்டையை வீட்டிலேயே மாட்டியாகிவிட்டது. அதன் முதுகு வளையத்திலிருந்து தொங்கிய குட்டை வாரின் நுனியைச் சீட் பெல்ட்டின் பூட்டில் சொருகவேண்டியதுதான் பாக்கி. சொருகினாள். முதலாளி உடனே திரும்பி வாரைக் கடிக்கப் பார்த்தது, எட்டவில்லை, அவளை முறைத்தது.

"அதுக்குப் புடிக்கலம்மா. விட்டுடேன். நான் முன்னாடி மடியில வச்சுக்கறேன்."

"மடியில வச்சதுனாலதான மாமா போன மாசம் பல்லு போச்சு."

"பல்லு போனது மடியாலயா, நீ போட்ட பிரேக்காலயா?"

அவள் பின்கதவைச் சாத்தினாள். அன்றைக்குச் சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்தான், அவள் மிதித்தாள், மாமனாரின் இரண்டு கைகளுக்கும் நடுவிலிருந்து முதலாளி பந்து மாதிரி போய் டேஷ்போர்டில் மோதியது. கால்நடை மருத்துவர் உடைந்த பல்லை எடுத்துவிட்டு, கழுத்து போகாததே பெரிய விஷயம் என்றார். அந்த வாரமே அவள் இந்தப் பட்டையை வாங்கிவிட்டாள். மாமனார் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கார் கிளம்பியது. அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். முன்னால் போகிற வண்டியில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. பின்னால் முதலாளி எழுந்தது, உட்கார்ந்தது, சுற்றியது, வார் காலில் சிக்கி முனகியது. இரண்டு பேருக்கும் நடுவில் அவள் முள்மேல் இருப்பதுபோல் ஓட்டினாள்.

அவளுடைய தவிப்புக்குக் காரணம் அவர்கள் இரண்டு பேருமில்லை. முந்தின நாள் சாயங்காலம் நாத்தனார் போனில் பேசியிருந்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு மாமனார் தூங்கிப்போய், பாத்திரம் கருகி, சமையலறைத் திரை பற்றிக்கொண்டதிலிருந்து, பகலில் ஆள் இருக்கிற வீட்டில்தான் அவர் இருக்கவேண்டும் என்று பேசி முடிவாகியிருந்தது. இவள் தான் வேலை பார்க்கும் முடிதிருத்தும் நிலையத்துக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. நாத்தனார் வீட்டிலேயே இருப்பவள். எல்லாம் சரிதான். ஆனால், "அப்பாவ மட்டும் கூட்டிட்டு வா. நாய் வேணாம். எங்க வீட்டுக்காரருக்கு அந்த முடி ஒத்துக்காது, மூச்சு இழுக்குது. நான் சொன்னா அப்பா ஒடிஞ்சு போயிடுவாரு. நீயே பக்குவமா சொல்லிடு" என்றாள்.

பக்குவமா. அந்த வார்த்தைதான் காலையிலிருந்து அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. முதலாளியையும் ஏற்றிக்கொண்டு வந்ததே, வீட்டில் வைத்துச் சொல்லத் தைரியமில்லாமல், வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான். அவரை இறக்கிவிட்டு நாயைத் திரும்பக் கொண்டுபோய் அவளே வைத்துக்கொள்வாள். ஆனால் நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் அது யாருக்காகக் காத்திருக்கும்? நிலையத்தில் அவளுக்கு வாய் கூசுவதே இல்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, முடி கொட்டுகிறது என்றும் இந்த வெட்டு உங்களுக்குப் பொருந்தாது என்றும் நோகாமல் சொல்லிவிடுவாள். இங்கே அவர் பக்கத்தில் இருந்தார். பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அவர், "கொஞ்சம் ஓரங்கட்டும்மா. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். பாவம், தனியா கெடந்து தவிக்குது" என்றார். அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. அவர் பின்னால் மாறி உட்கார்ந்து கார் கிளம்பியதும் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, இனிமேல் சொல்லிவிடலாம். தொண்டையைச் செருமினாள். ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போன இரைச்சலுக்கு நடுவில் பின்னால் ஏதோ 'டக்'கென்றது. அவர் தன் பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தாள். முதலாளியின் முனகல் நின்றுபோயிருந்தது. அந்த அமைதியைக் கலைக்க மனம் வரவில்லை. அடுத்த ஊர் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தினாள். நாய்க்குத் தண்ணீர் காட்டலாம் என்று பாட்டிலோடு பின்கதவைத் திறந்தாள். பக்கத்தில் ஒரு லாரி காற்றை உஸ்ஸென்று விட்டது. கண்மூடித் திறப்பதற்குள் பழுப்பாக ஏதோ அவள் முழங்காலை இடித்துக்கொண்டு பாய்ந்தது. அவள் கைக்குப் பட்டையின் விளிம்பு ஒரு கணம் கிடைத்தது, நழுவியது.

முதலாளி நெடுஞ்சாலையில் இருந்தது.

அவள் கத்திக்கொண்டு ஓடினாள். கத்தினது தப்பு. நாய் மிரண்டு இன்னும் உள்ளே போனது. ஒரு கார் அதை ஒட்டி வளைந்தது. அது எப்படியோ நடுத் தடுப்புச் செடிகளுக்குள் புகுந்து, காதுகள் ஒடுங்கிப் படுத்துக்கொண்டது. இந்தப் பக்கம் வர எழுந்திருக்கப் பார்த்தது. வண்டிகள் வந்தபடி இருந்தன.

அப்போது அவளைத் தாண்டி மாமனார் நடந்து போனார். ஓடவில்லை, அந்த முழங்கால்களால் ஓடமுடியாது. வலது கையை நேராக நீட்டிக்கொண்டு, எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் கண்ணையே பார்த்துக்கொண்டு சாலைக்குள் இறங்கினார். பேருந்து கிறீச்சிட்டு அவருக்கு முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் எல்லாம் நின்றன. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"பெரியவரே, சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"உன் மேல தப்பில்லப்பா. கொஞ்சம் நில்லு" என்றார் அவர். தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். முதலாளி வயிறு தரையில் தேய ஊர்ந்து அவரிடம் வந்தது.

பங்க்கின் நிழலில், காரின் திறந்த கதவருகே, அவள் பூட்டிலேயே கிடந்த வாரைப் பார்த்தாள். அதன் இன்னொரு முனையில் கொக்கி திறந்திருந்தது.

"கழட்டினது நீங்களா மாமா?"

"ஆமா."

"எதுக்கு?"

அவர் நாயின் காதை நீவிக்கொண்டே இருந்தார். "நேத்து நீ போன்ல பேசினது எனக்குக் கேட்டுச்சு. நம்ம வீட்டுல சுவருன்னுதான் பேரு. எப்ப சொல்லுவ, எப்ப சொல்லுவன்னு பாத்துக்கிட்டே வந்தேன். பாலம் வரும்போது சொல்லிடுவன்னு நெனச்சேன். உனக்கு வரல. சரி, கடைசியா ஒருதரம் மடியில படுத்துக்கட்டும்னு…"

"நான் பிரேக் போட்டிருந்தா?"

"போயிருக்கும். எனக்குத் தெரியாதா? கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னவனே முன்னால வந்து விழுந்தத எத்தன தரம் பாத்திருக்கேன்." காதை நீவிய கை நின்றது. "தெரிஞ்சுதான் கழட்டினேன். அதான் கேவலம்."

அவள் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே கரைந்துபோயிற்று. தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். அவர் உள்ளங்கையில் ஊற்ற, முதலாளி நக்கிக் குடித்தது.

"அண்ணிகிட்ட நான் பேசறேன் மாமா."

"பேசி? அவ புருஷனுக்கு மூச்சு இழுக்கறது பொய்யா?"

பொய்யில்லை. அது அவளுக்கும் தெரியும். மாமனார் நாயைச் சீட்டில் ஏற்றி, வாரை எடுத்து, முதுகு வளையத்தில் கொக்கியைத் தானே மாட்டினார். முதல் தடவை கொக்கி விழவில்லை. மாட்டியதும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டு, "ஓட்டு" என்றார்.

தூறல் போட ஆரம்பித்தது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள். நாத்தனார் வீட்டுக்கு இல்லாமல் வேறு எங்காவது போகமுடியுமா என்று அவள் மனம் ஒவ்வொரு கிளைச்சாலையாக நுழைந்து நுழைந்து திரும்பியது. வேலையை விடலாமா, நிலையத்தின் பின்அறையில் நாயை வைக்கலாமா, அவரையே அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்கலாமா. எதுவும் கடைசிவரை ஓடவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். முதலாளி தூங்கவில்லை. வார் இழுபடும் எல்லைவரை சாய்ந்து, அவர் தொடையில் முகவாயை மட்டும் வைத்திருந்தது.

நாத்தனார் வீட்டு வாசலில் கார் நின்றபோது மழை வலுத்திருந்தது. நாத்தனார் குடையோடு ஓடிவந்தாள். "வாங்கப்பா" என்று சிரித்தபடி பின்கதவருகே குனிந்தவள், உள்ளே பார்த்ததும் சிரிப்பு பாதியில் நிற்க, மருமகள் பக்கம் திரும்பினாள். சொல்லவில்லையா என்று கண்ணால் கேட்டாள். மருமகள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

மாமனார் பெல்ட்டைக் கழற்றவில்லை. நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முதலாளி எழுந்து நின்று, புதிய முகத்தைப் பார்க்கும் ஆர்வத்தில் கண்ணாடி வரைக்கும் மூக்கை நீட்டி மூச்சுவிட்டது. கண்ணாடி வெள்ளையாக மங்கியது. அப்பாவின் முகம் மறைந்துபோனது. நாத்தனார் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தாள். மழைத்துளிகள் கலைந்து வழிந்தன, மங்கல் போகவில்லை. அது உள்பக்கத்தில் இருந்தது. அவள் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.