கூப்பிட்டால்தான் உள்ளே

"நாளைக்கு நீ கூப்பிட்டே ஆகணும்க்கா," என்றான் தமாத்தி, பொரித்த ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டே.

ஹுரியா மட்டி அலசிய தண்ணீரைத் தொட்டியில் ஓங்கிக் கொட்டினாள். "இந்த மட்டி கிடைக்கிற திட்டையே தோண்டிக் கப்பலுக்கு வழி பண்ணப் போறானுங்க. அதுக்கு நான் குரலெடுத்து வரவேற்கணுமா? நம்மள ஒரு வார்த்தை கேட்டானுங்களாடா?"

"அதான் ஆசி வாங்க வர்றாங்களே! அது இல்லாம தோண்டுற கப்பலை நகர்த்த மாட்டோம்னு பேப்பர்லயே சொல்லிட்டாங்க."

"முடிவு பண்ணிட்டு ஆசி கேக்குறானுங்க. நல்லா இருக்குடா நியாயம்."

தமாத்தி துறைமுக ஆணையத்தில் நல்லுறவு அதிகாரி. தன் சொந்தப் பூர்வகுடியான மாவோரிகளோடு ஆணையத்தின் உறவை வளர்ப்பது அவன் வேலை. இரண்டு வருடத்தில் வளர்ந்தது அவன் தொப்பை மட்டும்தான். அக்கா வாய் திறக்காவிட்டால் அந்த வேலையும் போய்விடும் என்று பயந்தான்.

ஆணையத்தையும் குறை சொல்லக்கூடாது. மேலாளர் பிரெண்டன் முதல் டிரைவர் வரை எல்லோருக்கும் மூன்று நாள் மரியாதைப் பயிற்சி நடந்தது. மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொல்வது எப்படி, காலணியை எங்கே கழற்றுவது, எல்லாம் பாடம். முக்கியமான பாடம், குலத்தார் கூடும் பொதுக்கூடமான மராயேயின் வாசலில் அவர்கள் வீட்டுப் பெண் குரலெடுத்து அழைக்கும்வரை உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்பது.

மறுநாள் காலையில் பஸ்ஸும் மழையும் சேர்ந்தே வந்தன. அதிகாரிகள் கோட்டுசூட்டோடு வாசலில் நின்றார்கள். தமாத்தியும் அங்கேதான் நின்றான். அவர்களோடு வந்தவன், சொந்த மராயேயானாலும் அன்று விருந்தாளிதான்.

ஹுரியா கறுப்பு உடையில் கூடத்து முகப்பில் நின்றாள். கூப்பிடவில்லை.

மழை வலுத்தது. குடையோடு ஒருவன் உள்ளே நுழையப் பார்த்தான். பிரெண்டன் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். "பயிற்சியில தூங்கினியா? மரியாதை!"

தமாத்தி போன் அடித்தான். முகப்பில் ஹுரியாவின் போன் ஒலித்தது. "கூப்பிடுக்கா, எல்லாரும் நனையறாங்க."

"நனையட்டும். நாம ரெண்டு வருஷமா அவனுங்க ஆபீஸ் வாசல்ல நின்னோம். ஒருத்தனாவது உள்ள வான்னு சொன்னானா?"

அந்த ஆபீசில் அப்போது உள்ளே உட்கார்ந்து காபி குடித்தது தமாத்திதான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

பிரெண்டன் மூக்கில் வழிந்த மழையைத் துடைத்தார். "ரொம்ப ஆழமான சடங்கு போல. இந்த மௌனம் எவ்வளவு நேரம்ப்பா?"

தமாத்தி ஆணையத்தின் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டான். "நீங்க கேக்குற வரைக்கும் சார்."

"என்ன கேக்கணும்?"

"திட்டைத் தோண்டலாமா, வேண்டாமான்னு. வேண்டாம்னு சொன்னா போயிடணும்."

பிரெண்டன் திகைத்துப்போனார். கூட வந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு தமாத்தியின் காதருகே குனிந்து கேட்டார்:

"அதுக்குப் பயிற்சி வகுப்பு எதுவும் இருக்கா?"